பதினான்காம் அத்தியாயம்: கந்தகக் கறுப்பு

சனிக்கிழமை என்றால் சாந்தோமில் ராஜநாயகம் வாத்தியார் வீட்டுப் பின்கட்டில் பூந்திக்கொட்டை ஊறும். மறுநாள் பூசைக்குப் போகும்போது வீட்டிலுள்ள வெள்ளி அத்தனையும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர் மனைவி மர்சலின் அம்மாளின் சட்டம். யுத்தம் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசை வந்தது. சட்டம் மாறவில்லை.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்துவருகிறவர்களுக்கு ஹென்றி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. புதிதாக உள்ளே வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹென்றி இவர்களுடைய ஒரே பிள்ளை. பட்டாளத்தில் வயர்லெஸ் குமாஸ்தாவாக பர்மாவுக்குப் போனவன். ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்து பத்தொன்பது மாதம் ஆகிறது; அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அவன் மனைவி நோரா, அவனோடு வாழ்ந்தது ஏழே மாதம், மாமியார் வீட்டில் காத்திருக்கிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும், வாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை மர்சலின் அம்மாளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி இன்று சாயங்கால மணிக்குள் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை பூசையில் சுவாமியார் ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பார்.

பெயர்களை எழுதுவது வாத்தியாரின் வேலை. எழுதி, மனைவிக்குப் படித்துக் காட்டி, அப்புறம்தான் கவரில் போடுவார். இந்த வருஷம் அவள் பால் வாங்கித் திரும்புவதற்குள் கவர் கஞ்சிப் பசையில் ஒட்டப்பட்டு மேஜைமேல் இருந்தது.

"என்னங்க, அதுக்குள்ள ஒட்டிட்டீங்க?"

"மழை வர மாதிரி இருக்கு. தாள் நனைஞ்சுடும்னுதான்."

"எனக்குப் படிச்சுக் காட்டலையே."

"பழைய பேருங்கதான் மர்சலின். நீ கேக்காத பேரா?" என்றவர், சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, உன் சாக்கட்டி."

பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு உதவாமல் போன துண்டுச் சாக்கட்டிகள். வாத்தியார் வீட்டு வெள்ளிக்கு அதுதான் மருந்து. மர்சலின் அம்மாள் அதை அம்மியில் நசுக்கி, மல் துணியில் சலித்து, மைதா மாதிரி ஆக்கிக்கொள்வாள். புளி போட்டுத் தேய்க்கும் அண்டை வீட்டுக்காரிகளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. புளி பித்தளைக்கு, சாம்பல் பாத்திரத்துக்கு; வெள்ளிக்கு இரண்டும் எமன். முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அழுக்கைப் போக்க வேண்டும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் சாக்கட்டி மாவைத் தொட்டு, ஒரே பக்கமாக இழுத்துத் தேய்க்க வேண்டும். வட்டமாகச் சுழற்றினால் கீறல் விழும். கழுவினதும் ஈரம் ஒரு சொட்டுகூட நிற்கக் கூடாது.

கவரைப் பார்த்துக்கொண்டே சாக்கட்டியை நசுக்கினாள். அந்தக் கவருக்குள் இன்னொரு பெயர் சேர வேண்டுமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்விதான் அவளை நாலு வாரமாகத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

விஷயம் இதுதான். ஹென்றி கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் வைத்து நோராவின் வலது கையில் ஒரு வெள்ளி வளையலை சோப்பு போட்டு ஏற்றிவிட்டான். பூவும் கொடியுமாகச் செதுக்கிய தட்டையான வளையல். அவன் வந்துதான் கழற்ற வேண்டும் என்று நோரா பிடிவாதமாக இருக்கிறாள். அதனால் மற்ற வெள்ளியெல்லாம் தட்டில் வைத்துத் தேய்க்கப்படும். நோராவின் வளையல் மட்டும் கையோடு தேய்க்கப்படும். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். மருமகளின் கையை மாமியார் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த வளையல் நாலு வாரமாகக் கறுக்கிறது. சனிக்கிழமை வெள்ளையாக்கி அனுப்பினால் அடுத்த சனிக்கிழமை அடுப்புக்கரி. வாத்தியாரின் கடிகாரச் சங்கிலி கறுக்கவில்லை. ஹென்றி குழந்தையாக இருந்தபோது போட்ட தண்டைகூடப் பெட்டிக்குள் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவன் மனைவி கையில் கிடப்பது மட்டும் கறுப்பானேன்?

மர்சலின் அம்மாளின் தங்கை புருஷன் கடலில் இறந்த வாரத்தில், தங்கையின் கையிலிருந்த வெள்ளி மோதிரம் இப்படித்தான் கறுத்தது. தந்தி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. மோதிரம் முன்னாலேயே சொல்லிவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாத்தியார் சிரிப்பார், சுவாமியார் திட்டுவார். மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் கறுத்திருந்தால் பிள்ளை இல்லை. ஆத்துமம் ஜெபத்துக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்போது பெற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கக் கூடாது. கவருக்கு மேலேயே அவன் பெயரைத் தன் கையால் எழுதிவிடுவது.

"நோரா, வாம்மா. மாவு ஆயிடுச்சு."

"துணி அலசிட்டு வரேன் அத்தை."

"துணி எங்கயும் ஓடிடாது."

"அடுப்புல உலை கொதிக்குது அத்தை."

"நான் இப்பத்தான் இறக்கி வெச்சேன். வா."

நோரா வந்தாள். முந்தானையை வலது கையில் சுற்றியிருந்தாள். மாமியார் அதை விலக்கினாள்.

வளையல் கறுத்திருந்தது. போன வாரத்தைவிட அதிகம். பூவின் குழிகளில் மை ஊற்றினாற்போல் இருந்தது.

மர்சலின் அம்மாள் வளையலை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். துணியை எடுத்தாள், வைத்தாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் விரலை விட்டாள், எடுத்தாள். நோராவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மாமியார் எழுந்து, மேஜையிலிருந்த கவரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, என்ன எழுதப் போறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

நோரா போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து, "மர்சலினம்மா, கீறியா?" என்று பின்வாசலில் குரல் கேட்டது.

வந்தவள் ஹாஜிரா பீ. அவளும் அவள் புருஷன் கரீமுல்லாவும் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர் அடிப்பார், பற்றவைப்பார். மெருகு போடுவதெல்லாம் அவள் கை. மர்சலின் அம்மாளின் வெள்ளி ஜெபமாலை அறுந்துபோய் அவர்களிடம் கொடுத்திருந்தது.

"இந்தா உன் மணிமாலை. மூணு கண்ணி மாத்திக்கீது. இழுத்துப் பாரு, அறுந்தா என் பேரை மாத்திக்கிறேன்." உட்கார்ந்தவள், நோராவின் கையைப் பார்த்தாள். "அடிப்பாவி, இன்னாத்துக்கு இந்த நல்ல வளைவியை இப்பிடிப் பண்ணி வெச்சிக்கினுகீற?"

"வேர்வை, ஹாஜிராம்மா," என்றாள் நோரா அவசரமாக.

"யாருகிட்ட சொல்ற?" ஹாஜிரா பீ கையை இழுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "வேர்வைக் கறுப்புன்னா பழுப்பா இருக்கும், மெள்ள மெள்ள ஏறும். இதைப் பாரு, ஓரத்துல நீலம் அடிக்கிது, செவப்பு அடிக்கிது. எங்க பட்டறையில நகைக்குக் கறுப்பு ஏத்தணும்னா நாங்க இன்னா போடுவோம், கந்தகம்தானே?" வளையலை மூக்கோடு வைத்து மோந்தாள். "ஆமா. கந்தகமேதான். சொறி சிரங்குக்குப் பூசற களிம்பு இந்த நாத்தம்தான் அடிக்கும். யாருக்குப் பூசின? இந்த வூட்ல யாருக்கும் சிரங்கு இல்லியே."

நோரா கையை உருவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஹாஜிரா பீக்குத் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது. "அடுப்புல பால் வெச்சிட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

"கந்தகமா?" என்றாள் மர்சலின் அம்மாள்.

நோரா தலை குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கந்தகத்துல உனக்கு என்ன வேலை? வாரத்துல மூணு நாள் மடத்துக்குத் தையல் கத்துக்கப் போறேன்னுதானே சொன்ன?"

"தையல் இல்ல அத்தை. ஆஸ்பத்திரி. மடத்து சிஸ்டருங்ககூடப் போறேன். பட்டாளத்துக்காரங்க வார்டுல. பர்மாவுல இருந்து வந்தவங்களுக்கெல்லாம் உடம்பு பூரா சிரங்கு. களிம்பு பூசி விடணும். சிஸ்டர் வளையலைக் கழட்டச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். மேல தள்ளித் துணி கட்டிக்கிட்டேன். அதுக்குள்ளயும் போயிடுது."

"ஆம்பளைங்க உடம்பைத் தொட்டுக்கிட்டு. ஒரு மாசமா." மர்சலின் அம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ தச்ச ஒரு ரவிக்கையை நான் பாத்தேனா? ஒரு உறை? ஒரு கைக்குட்டை? நானும் ஒரு மடச்சி, கேக்காம இருந்திருக்கேன் பாரு. உன் மாமனார் இந்தப் பேட்டையில வாத்தியார். தெருவுல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"கேட்டா விடமாட்டீங்கன்னுதான் சொல்லலை. அங்க வரவங்க எல்லாரும் அந்தப் பக்கத்துல இருந்து வரவங்க அத்தை. யாராவது ஒருத்தர் அவரைப் பாத்திருக்க மாட்டாங்களான்னு..."

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. மர்சலின் அம்மாள் கவரைக் கீழே வைத்தாள்.

"யாராவது பாத்தாங்களா?"

நோரா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். பென்சிலைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை. யாருக்கும் தெரியலை."

மர்சலின் அம்மாள் பென்சிலைக் கீழே போட்டாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"கந்தகமாம். வெறும் கந்தகம். நாலு வாரமா நான் பட்ட பாடு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். ஏங்க, இங்க வாங்க. வந்து கேளுங்க."

வாத்தியார் கையில் பத்திரிகையோடு வந்து நின்றார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். தங்கை மோதிரம், நாலு வாரக் கறுப்பு, கவர்மேல் எழுதப் போனது, ஹாஜிரா பீ வந்தது. ஒன்றையும் விடவில்லை. "என் பிள்ளை நல்லா இருக்கான். எங்கயோ இருக்கான், கடுதாசி போட வழியில்லை, அவ்வளவுதான். உயிரோட இருக்கறவன் பேரை என் கையால எழுதப் பாத்தேனே, பாவி. சர்வேசுரன்தான் அந்தப் பட்டறைக்காரியை அந்த நேரத்துக்கு அனுப்பினாரு."

"ம்," என்றார் வாத்தியார். பத்திரிகையை மடித்தார். பிரித்தார். "நல்லது."

"என்ன நல்லது? ஏதோ தண்ணி வந்துச்சுன்னு சொன்ன மாதிரி சொல்றீங்க."

"இல்ல. நல்லதுதான்னு சொன்னேன்."

மர்சலின் அம்மாள் அவரை விட்டுவிட்டாள். அவளுக்கு இப்போது வேலை இருந்தது. நோராவின் கையைத் திரும்ப மடியில் இழுத்துக்கொண்டு தேய்த்தாள். பூவின் ஒவ்வொரு இதழாகத் துணி முனையை விட்டு எடுத்தாள். கறுப்பு துணிக்கு வந்தது, வெள்ளி வெளியே வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போறதைப் பத்தி அப்புறம் பேசறேன், தப்பிச்சுட்டேன்னு நினைக்காதே," என்று நடுநடுவே அதட்டினாள். அதட்டலில் காரம் இல்லை. வருகிற கிறிஸ்துமஸுக்கு நோராவுக்குப் புடவை எடுக்க வேண்டும், ஹென்றி வந்தால் வளையலுக்கு ஜோடி செய்யச் சொல்ல வேண்டும் என்று என்னென்னவோ பேசினாள். பத்தொன்பது மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நோரா கேட்டதில்லை.

நாலு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தக் கவரைக் கொடு மர்சலின். நான் போய்க் கொடுத்துட்டு வரேன்."

"நீங்க எதுக்கு? நோரா போகட்டும். புருஷன் பேர் இல்லாத லிஸ்டை அவளே கையால கொடுக்கட்டும்."

"மழை பெய்யுது."

"ரெண்டு சொட்டு தூறலுக்கு அவ கரைஞ்சுட மாட்டா. போயிட்டு வா நோரா. அப்படியே மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கவர் நோராவின் கைக்குப் போய்விட்டது.

நோரா தெருவில் இறங்கி நடந்தாள். அவள் வேகமாக நடந்தாள், நின்றாள், மறுபடியும் நடந்தாள். மாமியாரிடம் அவள் சொன்னது பொய்.

வியாழக்கிழமை அவள் இக்னேஷியஸ் என்பவனுக்குக் களிம்பு பூசினாள். வார்டுக்குப் புதிதாக வந்தவன். அஸ்ஸாமிலும் கல்கத்தாவிலும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்துவிட்டு, சொந்த ஊர் பக்கம் அனுப்பப்பட்டவன். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுபோல அவனிடமும் கேட்டாள். வயர்லெஸ் குமாஸ்தா, சாந்தோம், ஹென்றி என்று பேர். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். திரும்பி அவள் கையைப் பார்த்தான், வளையலைப் பார்த்தான்.

"நீங்க நோராவா?" என்று கேட்டான்.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மிச்சத்தை அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது, மழைக்காலம் தொடங்கும் சமயம், ஹென்றிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் இவன் தோளில் சாய்ந்து நடந்தானாம். மூன்றாம் நாள் ஒரு ஆற்றங்கரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இக்னேஷியஸ் ராத்திரி பூரா கூட இருந்திருக்கிறான். விடிந்ததும் கண்ணை மூடிவிட்டு, கல் அடுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான். "ஜெபம் சொல்லத்தான் எனக்குப் பாதிக்குமேல வரலை, அக்கா," என்று சொல்லி அழுதான். அவள் அழவில்லை. களிம்பைப் பூசி முடித்தாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமையும் போய்ப் பூசினாள்.

இன்று காலை அவளே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தாள். மாமியார் பென்சிலோடு உட்கார்ந்தபோது சொல்லியிருக்க வேண்டும். "யாராவது பாத்தாங்களா" என்று கேட்ட அந்தக் குரலுக்கு முன்னால் அவளால் முடியவில்லை. ஆனால் அவனுக்காகப் பாதி ஜெபம்தான் ஆகியிருக்கிறது. அவன் பெயர் இல்லாமல் இந்தக் கவரைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வெளியே எழுதினால், கவர்களை வாங்கிவைக்கிற கோயில் உபதேசியார் பார்ப்பார், நாளைக் காலைக்குள் மாமியாரிடம் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார். உள்ளே எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை என்ன ஆகும் என்பதை அவள் அப்போது யோசிக்கவே இல்லை.

கோயில் முகப்பில் ஒதுங்கினாள். தூறலில் கஞ்சிப் பசை இளகியிருந்தது. கவரின் மூடி தானே எழுந்துகொண்டது. உள்ளே ஒரு முழுத் தாள். மாமாவின் குண்டு எழுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வருஷம். மாமாவின் தகப்பனார், தாயார், அத்தையின் அண்ணன், தங்கை புருஷன். எழுத இடம் தேடி அடிவரைக்கும் போனாள்.

அடியில் இடம் இல்லை. ஹென்றி ராஜநாயகம், 1942 என்று எழுதியிருந்தது.

மற்றப் பெயர்களைப் போலவே நிதானமான எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

"கொடும்மா, மணி அடிக்கப் போறேன்," என்றார் உபதேசியார். அவள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தாளை உள்ளே தள்ளி மூடியை அழுத்தினாள். அவர் வாங்கி மற்றக் கவர்களோடு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.

திரும்பினாள். கோயில் கேட் அருகே குடைக்குள் மாமா நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"படிச்சியா?"

தலையசைத்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் அவர் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. "உனக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமைதான் மாமா. கூட இருந்தவரே சொன்னாரு. உங்களுக்கு?"

"ஜூலையில. பட்டாளத்துக் காகிதம் ஸ்கூல் விலாசத்துக்கு வந்துச்சு. அவன் அந்த விலாசம்தான் கொடுத்திருக்கான், அம்மா கையில நேரா விழுந்துடக் கூடாதுன்னு." குடை அவர் கையில் ஒரு பக்கம் சாய்ந்து, மழை அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. "நாலு மாசமா சொல்லப் பாக்கறேன் நோரா. வாய் வரலை. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன வாய். சரி, சுவாமியார் வாயால கேட்டுக்கட்டும், கோயில்ல நாலு பேர் பிடிச்சுக்குவாங்கன்னு எழுதினேன். அவளே சந்தேகமாத்தான் இருக்கா, தாங்கிக்குவான்னு நினைச்சேன். இன்னிக்குக் காலையில வரைக்கும் சந்தேகமாத்தான் இருந்தா."

உள்ளே மணி அடித்தது. இரண்டு பேரும் பூட்டிய பெட்டியைப் பார்த்தார்கள்.

"இப்ப கிளம்பும்போது என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா தெரியுமா?" என்றார் மாமா. "செவ்வாய்க்கிழமை கட்டிக்க வெள்ளைப் புடவை வேணாம்னு உள்ள வெச்சுட்டு, நீலப் பட்டுப் புடவையை எடுத்து உதறிக்கிட்டு இருந்தா. பிள்ளை உயிரோட இருக்கறவ எதுக்கு வெள்ளை கட்டணும்னு சொன்னா."

நோராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மாமா குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வீடு இருந்த திசையில் இரண்டு பேருக்கும் கால் எழவில்லை.